வண்டலூர் காரை மேஜை மேல் நிறுத்தலாம், வாங்க!

புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியவர்கள் முதல் மாதம் குடும்ப போட்டோக்களை பிரிண்ட் எடுப்பார்கள். அடுத்த மாதம் பிள்ளைகளின் ஸ்கூல் புராஜெக்ட். அதற்குப் பிறகு பிரிண்டரின் மேல் துணியைப் போர்த்தி விடுவார்கள். உள்ளே இங்க் காய்ந்து அடைத்துக் கொள்ளும். உங்கள் வீட்டிலும் இந்தக் கதை என்றால், அதற்கு ஒரு நல்ல வேலை தருகிறேன். ஒரு நிஜக் காரை அளவு மாறாமல் சுருக்கி, உள்ளங்கையில் வைக்கும் மாடலாகச் செய்து பெயிண்ட் அடிக்கும் வேலை.

மாடல் கிட் கடையில் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஃபெராரி கிடைக்கும், போர்ஷ் கிடைக்கும். நம் ஊர்க் கார்களை கிட் ஆகத் தேடிப் பாருங்கள், கஷ்டம். இத்தனைக்கும் செங்கல்பட்டு வட்டாரம் காருக்குப் பேர் போனது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்துதான் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் வந்தன. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து 1999ல் ஐகான் வந்தது. ஸ்டாண்டர்டு கம்பெனி 1980களின் கடைசியில் மூடப்பட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஹெரால்டை இன்று பழைய கார் அணிவகுப்பில்தான் பார்க்க முடியும். ஐகானும் வருடத்துக்கு வருடம் குறைந்து கொண்டே வருகிறது. இந்தக் கார்கள் வேண்டும் என்றால் நாமே செய்து கொள்ள வேண்டியதுதான்.

முதலில் ஸ்கேல் என்றால் என்ன என்று பார்த்து விடலாம். 1:24 என்றால் நிஜக் காரில் 24 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ. அவ்வளவுதான். இந்த 24 ஏன்? ஓர் அடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் 24ல் ஒரு பங்கு வரும். இங்கிலாந்து, அமெரிக்காவில் அடிக்கணக்கில் வேலை செய்தவர்கள் வைத்துச் சென்ற எண் இது. 1:43 என்பது பொம்மை ரயில்காரர்கள் ஓர் அடியை 7 மி.மீ. ஆகச் சுருக்கியதால் வந்தது. ஹெரால்டின் மூலக் காரான இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு 3886 மி.மீ. நீளம். இதை 1:18ல் செய்தால் 21.6 செ.மீ., 1:24ல் 16.2 செ.மீ., 1:43ல் 9 செ.மீ. வரும். புதியவர்களுக்கு 1:24 தான் நல்லது. ஏ4 தாளில் தாராளமாக அடங்கும், விரலுக்கும் பிடிபடும்.

இந்தக் கணக்கையெல்லாம் பேப்பரில் போட வேண்டாம். எக்ஸெல் அல்லது இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து கொள்ளுங்கள். ஏ வரிசையில் நிஜ அளவுகளை மி.மீ.ல் டைப் செய்யுங்கள். பக்கத்து செல்லில் சமக்குறி போட்டு, ஏ வரிசை எண்ணைக் கிளிக் செய்து, சாய்கோடும் 24ம் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் மற்ற அளவுகளும் கடகடவென்று வந்து விடும். அகலம் 1524 என்பது 63.5 ஆகும். உயரம் 1321 என்பது 55 ஆகும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை உள்ள தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். அது 2324, மாடலில் 96.8. இந்த வீல்பேஸை மட்டும் மறந்து விடாதீர்கள்.

ஏனென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் தெரிந்தால் மட்டும் கார் வந்து விடாது. கதவு எங்கே முடிகிறது? பின் கண்ணாடி எந்தச் சாய்வில் இறங்குகிறது? இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. போட்டோவிலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்த இடத்தில் மாமல்லபுரத்துச் சிற்பிகளின் முறை நமக்குக் கை கொடுக்கிறது. அங்கே 1957ல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்தபதிகள் சிலைக்கு அளவு வைக்கும்போது ஸ்கேலை எடுத்து இத்தனை இஞ்ச் என்று தொடங்குவதில்லை. சிலையின் முக நீளத்தை ஒரு தாளம் என்று எடுத்து, அதை 12 அங்குலமாகப் பிரிக்கிறார்கள். உத்தம தச தாளச் சிலை என்றால் மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் நம் இஞ்ச் அல்ல. சிலை பெரிதானால் இதுவும் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும். அளவுகோல் சிலைக்குள்ளேயே இருக்கிறது! அதேபோல் போட்டோவுக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. நமக்கு முகம் என்பது வீல்பேஸ்.

காரை எப்படிப் படம் பிடிக்க வேண்டும் தெரியுமா? கிட்டத்தில் நின்று எடுத்தால் நடுப்பகுதி புடைத்து, இரு முனையும் ஒடுங்கித் தெரியும். 15 மீட்டராவது தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கேமரா காரின் பாதி உயரத்தில், பக்கவாட்டுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். செல்போன் கேமரா போதும். படத்தில் இரண்டு சக்கரமும் வட்டமாக, ஒரே அளவாக இருந்தால் பாஸ். முட்டை வடிவில் இருந்தால் மறுபடி எடுங்கள். இதேபோல் முன்பக்கம், பின்பக்கம் எடுத்துக் கொள்ளுங்கள். ஐகான் செய்பவர்கள் கார்க்காரரிடம் அனுமதி கேட்டு வீல்பேஸை டேப் வைத்தே அளந்து விடலாம். தாத்தா தன் ஹெரால்டு மேல் சாய்ந்து நிற்கும் ஆல்பம் போட்டோ இருக்கிறதா? அதை ஸ்கேன் செய்து வையுங்கள். கோணலாக எடுத்திருப்பார்கள், அளவுக்கு ஆகாது. ஆனால் நிறத்துக்கும் பம்பருக்கும் அதை விட நல்ல சாட்சி கிடைக்காது.

இப்போது கம்ப்யூட்டரில் உட்காருங்கள். படத்தை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில்தான் வேலை செய்ய வேண்டும். விண்டோஸில் உள்ள பெயிண்ட் புரோகிராமில் அதைத் திறங்கள். மவுஸ் பாயின்ட்டரை முன் சக்கரத்தின் நடுவில் வைத்தால் கீழே ஸ்டேட்டஸ் பாரில் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் இடமிருந்து எத்தனையாவது பிக்ஸெல் என்பது. அது 412 என்று வைத்துக் கொள்வோம். பின் சக்கரத்தின் நடுவில் 1574. கழித்தால் 1162. வீல்பேஸ் 2324 மி.மீ.; எனவே ஒரு பிக்ஸெல் என்பது நிஜக் காரில் 2 மி.மீ. இனி எதை வேண்டுமானாலும் அளக்கலாம். கதவு 450 பிக்ஸெல் என்றால் 900 மி.மீ. ஸ்கேலைத் தொடவே வேண்டாம்.

பிரிண்ட் எடுக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாடலில் வீல்பேஸ் 96.8 மி.மீ.; அதாவது 3.81 இஞ்ச். அந்த 3.81 இஞ்சுக்குள் 1162 பிக்ஸெல் அடங்க வேண்டும். வகுத்தால் 305 வரும். இதுதான் டி.பி.ஐ. என்கிற எண், ஓர் இஞ்சில் எத்தனைப் புள்ளிகள் என்பது. வீட்டு உபயோகத்துக்கு இலவசமான இர்பான்வியூ புரோகிராமில் படத்தைத் திறந்து, இமேஜ் மெனுவில் இன்பர்மேஷன் கிளிக் செய்யுங்கள். ரெசல்யூஷன் கட்டங்களில் 305 என்று மாற்றி சேவ் செய்யுங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது படத்தின் டி.பி.ஐ. படி ஒரிஜினல் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பிட் டு பேஜ்’ என்று ஒன்று இருக்கும். அதுதான் எதிரி. தாளுக்குப் பொருந்தட்டும் என்று அது தானாகவே பெரிதாக்கும் அல்லது சுருக்கும். நீங்கள் போட்ட கணக்கெல்லாம் வீண். முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரிண்ட் எடுத்து வீல்பேஸை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 97 மி.மீ. வந்ததா? மேலே போகலாம்.

மாடல் உடம்புக்கு பேனர் கடைகளில் தள்ளிவிடும் 5 மி.மீ. சன் போர்டு துண்டுகள் போதும். தெர்மாகோல் மட்டும் வேண்டாம். ஸ்ப்ரே பெயிண்ட் பட்டால் கரைந்து குழி விழும். பக்கவாட்டுப் படத்தை 12 பிரிண்ட் எடுத்து, ஒவ்வொன்றையும் சன் போர்டில் ஒட்டி, கோட்டின் மேலேயே கட்டர் பிளேடால் வெட்டுங்கள். நடுவில் வரும் 10 துண்டுகள் முழுக் காராக இருக்கட்டும். இரண்டு ஓரத்திலும் வரும் துண்டுகளை ஜன்னலுக்குக் கீழே மட்டும் வெட்டுங்கள். கூரை உடம்பை விடக் குறுகலாக இருப்பதால் இந்த ஏற்பாடு. சக்கரக் குழியை ஓரத்து மூன்று துண்டுகளில் மட்டும் எடுத்தால் போதும். எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டினால் 60 மி.மீ. அகலம். இரு பக்கமும் கதவுக் கோடு பிரிண்ட் செய்த கெட்டி அட்டை சேர்ந்தால் 63 தாண்டும். சிறு பிள்ளைகள் கையில் பிளேடு கொடுக்காதீர்கள்.

ஒட்டியதும் பார்க்கப் படிக்கட்டு மாதிரிதான் இருக்கும். பயப்பட வேண்டாம். முன்பக்கப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு அரமும் உப்புத்தாளும் வைத்து மூலைகளை உருட்டுங்கள். தூள் பறக்கும், மூக்கில் மாஸ்க் கட்டுங்கள். ஐந்து ரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தார்கள், அடிப்பகுதி சிலவற்றில் முடியாமலே நிற்கிறது என்பார்கள். நாமும் கூரையிலிருந்து இறங்குவதே நல்லது. கூரை சரியாக வந்தால்தான் காரின் முகம் வரும். (சொல்லப்போனால் ரதம் என்று பெயரே தவிர, அந்த ஐந்தில் ஒன்றுக்கும் சக்கரம் கிடையாது. மரத்திலும் ஓலையிலும் இருந்த கட்டடங்களைக் கல்லில் செய்த மாடல்கள் அவை. திரௌபதி ரதத்தின் ஓலைக் கூரையைப் பாருங்கள்.)

பெயிண்ட் வேலை டிங்கரிங் ஷெட்டில் நடப்பது போலவேதான். பட்டி, பிரைமர், பிறகு பெயிண்ட். துண்டுகளின் இடுக்கில் ட்யூப் பட்டியை மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் 400, அப்புறம் 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். பிரைமர் அடித்தவுடன் அதுவரை தெரியாத கோடெல்லாம் தெரியும். மறுபடி பட்டி. இங்கே அவசரப்பட்டால் கலர் அடித்த பிறகு ஒவ்வொரு துண்டும் வரி வரியாகத் தெரியும். கலர் கடையில் நிஜக் காரின் கலரை அப்படியே கலந்து கேட்காதீர்கள். சின்ன உருவத்தில் அதே நிறம் அழுத்தமாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளை சேர்த்து வெளிறச் செய்தால்தான் சரியாக இருக்கும். மெட்டாலிக் பெயிண்ட்டும் வேண்டாம். அதன் மினுக்குத் துகள் 1:24ல் கூழாங்கல் போலத் தெரியும்.

கோவளம், கேளம்பாக்கம், மாமல்லபுரம் என்று கடலோரம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் சட்டென்று குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது பெயிண்ட் மேல் நீராகப் படியும். பளபளப்புப் போய் பால் ஊற்றியது போல வெளுத்து விடும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே வேண்டாம். மற்ற மாதங்களிலும் அதிகாலையும் இரவும் வேண்டாம். காலை 11 மணிக்கு மேல், காற்றில்லாத நிழலில், மெல்லிசாக நான்கைந்து கோட் அடியுங்கள். பிரிண்ட் எடுக்கும் அட்டையையும் பிளாஸ்டிக் கவரில் மூடி வையுங்கள். ஈரம் ஏறிய அட்டை பிரிண்டரில் வளைந்து மாட்டிக் கொள்ளும்.

ஜன்னல்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக் கறுப்பு அடித்தால் கண்ணாடி போலவே இருக்கும். டயரின் விட்டத்தை பிக்ஸெலில் அளந்து, அதை நிஜ மி.மீ. ஆக மாற்றி, 24ஆல் வகுத்து, அந்த அளவுக்குப் பழைய பொம்மைக் கார் டயர் தேடுங்கள். கடைசியாக நம்பர் பிளேட். நிஜத்தில் 500க்கு 120 மி.மீ.; மாடலில் 20.8க்கு 5 மி.மீ. வேர்டில் அந்த அளவில் ஒரு கட்டம் வரைந்து, எண்ணை டைப் செய்து, ஸ்டிக்கர் பேப்பரில் பிரிண்ட் எடுத்து ஒட்டலாம். ஐகானுக்கு டி.என். 19 என்று செங்கல்பட்டு நம்பரைத் தாராளமாகப் போடுங்கள். ஹெரால்டுக்குப் போட்டு விடாதீர்கள். மாநில எழுத்தும் மாவட்ட எண்ணும் சேர்ந்த இந்த முறை 1980களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு தாத்தாவின் ஆல்பத்தைப் பாருங்கள். பம்பருக்குக் கீழே பழைய நம்பர் தெரியும்.