மேகத்துக்கு மேலே ஒரு மழை

மழையைப் பார்க்கவிடாமல் மழையே வந்து மறித்தால் என்ன செய்வது? 2023ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் இரவு எனக்கு நேர்ந்தது இதுதான்.

ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 நாட்களில் மிதுன ராசியிலிருந்து புறப்படுவதுபோல் எரிமீன்கள் பொழியும். அவ்வாண்டு அமாவாசையை ஒட்டி வந்ததால் நிலவின் தொல்லையும் இல்லை. ஆனால் நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம் அன்றோ! “மணிக்கு எத்தனை என்று எண்ணிக் குறித்து வா” என்று இயற்பியல் பேராசிரியர் கொடுத்த நோட்டுடன் விடுதி மொட்டை மாடியில் பாய் விரித்தேன். வானமோ கரிய கம்பளி போர்த்திக் கிடந்தது. பத்து மணிக்குத் தூறலும் வந்தது.

“டேய், நாற்பதுன்னு எழுதிட்டு வந்து படுடா! மேகத்துக்கு மேலே ஏறி யார் எண்ணப் போறாங்க?” என்றான் அறைத்தோழன். உண்மையைச் சொன்னால், என் பேனா சற்றே அசைந்தது.

எரிமீன் என்பது நட்சத்திரம் அன்று. ஃபேத்தன் என்ற சிறுகோள் தன் பாதையில் விட்டுச் சென்ற துகள்களே இவை. இச்சிறுகோள் 1983இல் ஒரு செயற்கைக்கோளின் உதவியால் கண்டறியப்பட்டது. மணலளவே உள்ள துகள்கள் நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் பாய்ந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்ந்து அழிகின்றன. மழை மேகங்களோ இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே மேகம் மறைப்பது நம் கண்ணைத்தான், பொழிவை அன்று.

கண் தோற்ற இடத்தில் வானொலி அலை வெல்லும். எரிமீன் விட்டுச் செல்லும் மின்னூட்டம் பெற்ற தடத்தில் அவ்வலை பட்டு எதிரொலிக்கும். 1946 அக்டோபரில் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்கில் பெர்னார்டு லோவல் என்ற அறிஞர், போரில் பயன்பட்ட ராணுவ ராடாரைக் கொண்டு ஓர் எரிமீன் பொழிவை ஆராய்ந்தார். மறு ஆண்டு, பகல் வெளிச்சத்தில் யாரும் காணாத பொழிவுகளும் அங்கே சிக்கின. நமக்கு அருகே, திருப்பதியை அடுத்த காடங்கி ராடாரும் எரிமீன் தடங்களை ஆராயப் பயன்பட்டிருக்கிறது.

என்னிடம் ராடார் ஏது? நோட்டை மடியில் வைத்துக் காத்திருந்தேன். பின்னிரவு ஒரு மணிக்கு மேகம் கிழிந்தது. இரண்டு மணி வரை கால்பங்கு வானம் தெரிந்தது. பச்சையாய் ஒன்று, வெள்ளையாய் இரண்டு. “ஒரு மணி நேரம், மூன்று, முக்கால் வானம் மேகம்” என்று எழுதினேன்.

மறுநாள் கூச்சத்துடன் நோட்டை நீட்டினேன். பேராசிரியர் கடைசிச் சொற்களை விரலால் தொட்டார். “கால்பங்கில் மூன்று என்றால் முழு வானுக்குப் பன்னிரண்டு என்று கணக்கிடலாம். எண்ணிக்கை சிறிது, ஆதலால் பிழையும் பெரிது. ஆனாலும் இதைத் திருத்த வழி உண்டு. நீ நாற்பது என்று எழுதியிருந்தால் எந்தச் சூத்திரத்தாலும் திருத்த முடியாது” என்றார்.

நாற்பது பற்றி நான் அவரிடம் மூச்சுக்கூட விடவில்லை. மொட்டை மாடியில் எத்தனை மாணவர்களை அவர் கண்டிருப்பாரோ!

நண்பர்களே, வருகிற டிசம்பரிலும் மேகம் வரும். பாயுடன் வாருங்கள், காண்பதை எழுதுவோம், காணாததையும் காணவில்லை என்றே எழுதுவோம்.