பொல்லாக் குதிரையும் வாங்கினோர் பொறுப்பும்: காயல் துறைச் சான்றுகளும் திருவிளையாடற் கதையும்

முன்னுரை

காரணம் புலப்படாமல் கடித்தும் உதைத்தும் அச்சுறுத்தும் குதிரையை என்ன செய்வது என்பதற்கான விடை, குற்றம் அதன் பிறவியில் காணப்படுகிறதா, வளர்ப்பில் காணப்படுகிறதா என்பதைப் பொறுத்தது. தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் துறை பற்றிய பயணக் குறிப்புகளும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமும் இவ்வினாவுக்கு ஒளி தருகின்றன.

காயலில் இறங்கிய குதிரைகள்

மார்க்கோ போலோ கூறும் காயலைப் பழையகாயல் என அடையாளம் கண்டவர் கால்டுவெல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீசுத் தீவிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரைகள் பாண்டியர்க்கு அனுப்பப்பட்டன. ஒன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் இறந்தவற்றுக்கும் அரசே விலை தந்தது எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதுகிறார். ஆற்றின் மேற்பகுதியிலுள்ள திருப்புடைமருதூர்க் கோபுரச் சுவரோவியங்களிலும் கப்பலில் வரும் குதிரைகள் இடம்பெறுகின்றன.

குதிரைகள் கொழுக்கும்பொருட்டு நாற்பது நாள் முளையிற் கட்டப்பட்டு, வறுத்த தானியமும் பாலும் ஊட்டப்பட்டு, பின் பயிற்சியோ அங்கவடியோ இன்றிச் செலுத்தப்பட்டன என்பது வசாப் தரும் செய்தி. பேணத் தெரியாமையால் பெரும்பாலானவை இறந்தன என்கிறார் போலோ; வணிகர் தம் ஆதாயம் கருதிக் குதிரை மருத்துவரை வரவிடவில்லை என்றும் சேர்க்கிறார். அயலார் கூற்றாதலின் இவற்றில் மிகை இருக்கலாம். இருவரும் குதிரையின் நலிவையே பேசுகின்றனர், சினத்தைப் பேசவில்லை. எனினும் நாள் முழுதும் நடந்து மேயும் இயல்புடைய விலங்கைக் கட்டிவைத்துப் புல் குறைத்துத் தானியம் மிகுத்தால் இரைப்பையில் புண் உண்டாகும். சேணவார் இறுகும்போது அது கடிக்கும், உதைக்கும்.

நரியான பரிகள்

புராணத்தில் குதிரை வணிகராக வரும் இறைவன், பரிகளின் இலக்கணம் உரைத்துக் கயிறு மாற்றிக் கொடுக்கிறார். அன்றிரவே அவை நரிகளாகிப் பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடுகின்றன. அரசன் வாதவூரரைத் தண்டிக்கிறான். இறையருளைக் காட்டும் இக்கதையில் உலகியல் உண்மையொன்றும் உள்ளது: பகலில் பார்த்த நிறமும் சுழியும் இரவின் நடத்தைக்கு உறுதியாகவில்லை. கயிறு மாறியபின் இழப்பு வாங்கியவனுடையது. வசாப் கூறும் ஒப்பந்தமும் இழப்பை அரசன்மீதே சுமத்துகிறது.

முடிவுரை

பொறுப்பு வாங்கியவருடையதெனின் ஆராயும் கடமையும் அவருடையதே. சாதுவான குதிரை திடீரென வெறித்தால் முதலில் வெறிநாய்க்கடி நோயை ஐயுற்று, ஆள் அணுகாமல் தனியே நிறுத்துதல் வேண்டும். அஃதன்று எனத் தெளிந்தபின் பல், குளம்பு, முதுகு, சேணம், தீனி, கட்டுமுறை ஆகியவற்றை மருத்துவர் துணையுடன் நோக்குதல் வேண்டும். இவை அனைத்தும் நோக்கியபின்னரே விற்பதா கொல்வதா என்னும் முடிவுக்கு இடமுண்டு. சுழியை மட்டும் கண்டு பொல்லாதது என ஒதுக்குவது, கொட்டடியை ஆராயாது வாதவூரரைத் தண்டித்த அரசனின் பிழையை ஒத்தது.