நிலைத்து நிற்கும் தார்ச் சாலை

விளைந்த நெல்லும் காய்கறியும் சந்தைக்குச் செல்லும் கிராமச் சாலைகளிற் சில, போட்ட ஆண்டின் மாரியிலேயே ஜல்லி பெயர்ந்து குண்டும் குழியுமாகி விடுவதைக் காண்கிறோம். பொருள்களை ஆராய்ந்து தேர்ந்தெடுக்காமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஜல்லியே. நாம் தார் என வழங்கும் பிட்டுமன் அதனைப் பிணைக்கும் பசையாகும். ஆகவே ஜல்லி உறுதியாகவும், உடைத்த முனைகள் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். உருண்டைக் கூழாங்கற்கள் ஒன்றையொன்று பற்றி நில்லா. தட்டைச் சில்லுகள் ரோலரின் கீழ் நொறுங்கும். புழுதி படிந்த ஜல்லியில் தார் நன்கு ஒட்டாது. மழைநீர் இடையே புகுந்து அதனை உரித்துவிடும்.

இதை அறியச் சோதனை உண்டு. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் 24 மணி நேரம் ஊறவைத்தால், நூற்றுக்கு 95 பங்கேனும் பூச்சு நீங்காது நிற்றல் வேண்டும்.

அளவு மீறிக் காய்ச்சிய தார் முறுகி, பின்னர் வெடிப்புக் காணும். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறைப்படி, சூடான ஜல்லியின்மீது துண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவை உருகிப் படியச் செய்தால், நீர் புகுதல் குறைகிறது.

வேலை தொடங்குமுன்பே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஜல்லிக் குவியலைப் பார்வையிடுவார்களாக. பெயர்ந்த சாலையைச் செப்பனிடும் செலவும் நமது வரிப்பணமே அன்றோ!