மாலும் மயக்கமும்

தமிழில் ‘மால்’ என்னும் சொல்லுக்கு மயக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. பேரங்காடிகளுக்கு அப்பெயரைச் சூட்டிய மேனாட்டார் நம் நிகண்டுகளைப் புரட்டியிருக்கமாட்டார்கள். எனினும் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. உத்தியோக நிமித்தமாகச் சில ஆண்டுகள் துபாயில் குடும்பத்துடன் வசித்துத் தில்லி திரும்பியிருக்கும் எனக்கு இதில் ஐயமில்லை.

“விடுமுறை நாளில் குழந்தைகளைக் கடைக்கா அழைத்துப் போவது? பூங்காவுக்கு அழைத்துப் போகலாகாதா?” என்று ஊரிலிருந்து என் தாயார் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டி நிற்கும். கடலோரப் புழுக்கம் வேறு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் ஆட்களை வேலை வாங்கலாகாது என்று சட்டமே இருக்கிறது. அத்தகைய ஊரில் மால் என்பது வெறும் கடைவீதியன்று. நமக்குக் கோயில் பிராகாரமும் திண்ணையும் ஆற்றங்கரையும் எப்படியோ, அப்படியே அது அவ்வூராருக்கு.

2005-இல் திறக்கப்பட்ட எமிரேட்ஸ் மாலில் பனிச்சறுக்கு மைதானம் ஒன்று உண்டு. வெளியே அனல் வீச, உள்ளே நீர் உறையும் குளிரில் 400 மீட்டர் நீளச் சரிவில் மக்கள் வழுக்கிக்கொண்டு வருகின்றனர். கட்டணம் கேட்டதும் நாங்கள் கண்ணாடிக்கு இப்பாலிருந்தே பார்த்துத் திருப்தியடைந்தோம்.

எங்கள் மனத்துக்கு உகந்தது அதே ஆண்டில் தோன்றிய இபின் பதூதா மால். அந்த மொராக்கோ நாட்டு யாத்திரிகர் நடந்த தேசங்களை நினைவூட்டும்படி ஆண்டலூசியா, துனிசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா என ஆறு கூடங்களாக அதனை அமைத்திருக்கின்றனர். நம் தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காஜியாக இருந்தவர் அவர். 1340-களில் மதுரைக்கும் வந்து, அங்கு ஆண்ட சுல்தானைக் கண்டவர். “மதுரைக்குமா வந்தார்?” என்று என் மகன் வாய்பிளந்தான். பள்ளிப் புத்தகம் செய்யாத காரியத்தைக் கடைக்கூடம் செய்தது.

செலவைப் பற்றி இரண்டொரு வார்த்தை. வீட்டிலேயே வயிறு நிறைய உண்டபின் புறப்படுதல் நலம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபது திர்ஹம் கொடுத்து, “இது உங்களுடையது, இதற்குமேல் கேட்கக்கூடாது” என்று சொல்லிவிடுவோம். முதல் மாதம் மகள் வாசலருகிலேயே அதனைப் பலூனில் தொலைத்துவிட்டு அழுதாள். மறுமாதம் மூன்று மணி நேரம் கையிலேயே வைத்திருந்து, வீட்டுக்குத் திருப்பிக் கொணர்ந்தாள். அதற்காகவும் அழுதாள் என்பது வேறு விஷயம்.

நான் எழுத விரும்பியது உண்மையில் மீன்தொட்டியைப் பற்றித்தான். 2008-இல் திறக்கப்பட்ட துபாய் மாலில் ஒரு கோடி லிட்டர் நீர் கொண்ட கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதனடியில் குகை போன்ற வழியில் நடக்கக் கட்டணம் உண்டு. முன்னால் நின்று காணக் காசு வேண்டா. அதன் எதிரே நாங்கள் கழித்த மாலைகள் பல.

ஒருநாள் தரை துடைத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், என் மனைவி என்னை அழைத்த குரல் கேட்டு நிமிர்ந்தார். இராமநாதபுரம் கடற்கரைக்காரர். ஊரில் இரண்டு குழந்தைகள். அந்நாட்டில் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ள மாத ஊதியம் குறைந்தது 4,000 திர்ஹம், அல்லது ஜாகையுடன் 3,000 திர்ஹம் இருத்தல்வேண்டும். அவருடைய சம்பளம் அதற்கு வெகுதூரத்தில் இருந்தது.

“அண்ணே, பிள்ளைகளைத் தமிழில் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க. கேட்டு நாளாச்சு,” என்றார்.

“மாமாவிடம் பேரைச் சொல்லுங்கள்,” என்றேன். என் மகன் பெயரைச் சொன்னான்; பள்ளியைச் சொன்னான்; எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே சொன்னான். அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். எனக்குத்தான் முகம் எடுக்க முடியவில்லை. ஆயிரம் கடைகளுக்கு மேல் உள்ள அவ்விடத்தில் அந்த மனிதர் கேட்டது விலையில்லாத ஒரு பொருள்; அது எங்களிடம் இல்லை.

அவரே அந்த மௌனத்தைக் கலைத்தார். கண்ணாடியைக் காட்டி, “அது என்ன மீன், தம்பி?” என்றார். “ரே,” என்றான் பையன். “எங்க ஊரில் திருக்கை. அந்தா போகுதே, சுறா. பாறை ஓரம் வாயைத் திறந்துகிட்டு நிக்கிறது களவா.” மேற்பார்வையாளர் வருவதைக் கண்டு துடைப்பத்துடன் நகர்ந்துவிட்டார்.

அன்றிரவு என் மகன் மூன்று பெயர்களையும் எழுதித் தரச் சொன்னான். எழுதித் தந்தால் படிக்கத் தெரியவேண்டுமே! உயிரெழுத்திலிருந்து தொடங்கினோம். அடுத்த மாதம் சென்றபோது, “மாமா, களவா தூங்குகிறதா?” என்று அவன் ஓடினான். “அது அப்படித்தான் நிக்கும், சோம்பேறி,” என்றார் அவர். இருவரும் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.