இரண்டு லட்சம் வெள்ளி அலை

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கலையகத்தை விட்டு வெளியே வந்தேன். அதற்குள் நண்பன் மூன்று முறை அழைத்திருந்தான். திரும்ப அழைத்தால், வணக்கம்கூட இல்லை. “மச்சான், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லிடு. வேற ஒருத்தன் வந்து பார்த்துட்டுப் போயிருக்கான்.”

பேச்சு படகைப் பற்றியது.

நாங்கள் நான்கு பேர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில் வளர்ந்தவர்கள். தோட்டம் இன்று இல்லை. பால்மரம் போய் செம்பனை வந்தது, பிறகு அதிலும் பாதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. ஒருவன் மெக்கானிக், ஒருவன் கணக்காய்வாளன், ஒருவன் குத்தகைத் தொழில், நான் வானொலி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பழைய வேக்போர்டு படகு ஒன்றை வாங்கினோம். இப்போது அதை விற்றுவிட்டு, அதைவிடப் புதிய, வேக்சர்ஃபிங்குக்கென்றே செய்த படகுக்கு மாறலாமா என்பதுதான் கேள்வி. பழையது 90,000 வெள்ளிக்குப் போகும். புதியது 290,000 வெள்ளி. வித்தியாசம் இரண்டு லட்சம். என் பங்கு 50,000.

அந்த 50,000 என்னிடம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த நாள்முதல் அப்பா இருப்பது மின்தூக்கி இல்லாத அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில். முப்பது வருடம் நிரையில் நடந்த முழங்கால் இப்போது படியேற மறுக்கிறது. தரை வீட்டுக்கு முன்பணமாக நானும் மனைவியும் சேர்த்து வரும் தொகை அது.

எதற்குக் கூடுதல் விலை?

வேக்சர்ஃபிங் என்பது கடலலை இல்லாத இடத்தில் படகே அலையை உண்டாக்கித் தர, அதில் பலகைமேல் நின்று சறுக்குவது. தொடக்கத்தில் கயிற்றைப் பிடித்து எழும்ப வேண்டும். அலை காலைத் தாங்கியதும் கயிற்றை விட்டுவிடலாம். படகு மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். சறுக்குபவர் படகுக்கு மிக அருகிலேயே இருப்பார். அதனால்தான் பின்புறம் தொங்கும் மோட்டார் உள்ள படகில் இதைச் செய்யவே கூடாது. புரொப்பெல்லர் படகின் அடிப்பகுதிக்குள் ஒடுங்கியிருக்க வேண்டும். இயந்திரப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடும் ஆபத்தானது. படகின் பின்மேடையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பதும் நல்லதல்ல.

அலையின் உயரத்துக்கு முதல் காரணம் எடை. படகு நீரில் எவ்வளவு ஆழமாக அமிழ்கிறதோ, அவ்வளவு நீரைத் தள்ளும். அலையும் அவ்வளவு பெரிதாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. புதிய படகுகளில் ஏரி நீரையே உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும் தொட்டிகள் உள்ளன. 1,500 கிலோவுக்கு மேல் நிரப்பும் படகுகளும் உண்டு. இரண்டாவது காரணம், பின்புறம் இருக்கும் தகடுகள். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கத் தகடு விரிந்து, நீர் ஒன்றுசேர்வதைத் தாமதப்படுத்தும். மறுபக்கம் வழவழப்பான அலை எழும். இடமா வலமா என்பதைச் சில நொடிகளில் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இத்தகைய புதிய படகு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். உயர்வகைகள் இரண்டு லட்சத்தையும் தாண்டும்.

எங்கள் பழைய படகில் இதெல்லாம் இல்லை. அலை முழங்கால் உயரம் எழுந்து, சற்று நேரத்தில் நுரைத்துவிடும். பெரிய உடம்புக்காரனான மெக்கானிக் நண்பன் கயிற்றை விட்ட மறுநொடியே தண்ணீரில் இருப்பான். அவனுக்குத்தான் புதிய படகின்மேல் ஆசை அதிகம். அதில் தப்பில்லை.

அப்பா கேட்ட கேள்வி

அன்று மாலை அப்பாவைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் படகு விஷயம் வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் விலையைக்கூடக் கேட்கவில்லை.

“ஏன் தம்பி, வருசத்துக்கு எத்தன நாளு அதுல ஏறுவீங்க?”

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் முதல் மோட்டார் வாங்கிய கதையைச் சொன்னார். தோட்டத்தில் பலர் சைக்கிள் மிதித்த காலம். தவணையில் ஹோண்டா கப் எடுக்கச் சொல்லி ஒருவர் வந்தாராம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. அப்படிப்பட்ட வரும்படியில் மோட்டாரா என்று அம்மா பயந்திருக்கிறார். அப்பா விரல்விட்டு எண்ணியிருக்கிறார். விடியலில் பிரட்டுக்குப் போக, பால் தூக்க, சந்தைக்குப் போக, என்னைப் பள்ளிக்கூடத்தில் விட. மாதம் முப்பது நாளும் மோட்டாருக்கு வேலை இருந்தது. வாங்கிவிட்டார்.

“வெல கூடன்னு எதையும் வேணாம்னு சொல்லாத. சும்மா நிக்கிற பொருளுக்குத்தான் வெல கூட.”

மறுநாள் படகை நிறுத்தி வைத்திருக்கும் கொட்டகைக்குப் போனேன். இயந்திரம் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமானி படகில் இருக்கிறது. நாங்கள் வாங்கியபோது 612. இப்போது 672. இரண்டு ஆண்டுகளில் 60 மணி நேரம். ஆண்டுக்கு 30. வாராவாரம் ஏரியில் இருப்பதுபோல் பேசிக்கொண்டிருந்த நான்கு பேரின் உண்மை அந்தச் சின்ன முகப்பில் இருந்தது.

கணக்காய்வாள நண்பன் காகிதத்தை எடுத்தான். ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தால் 150 மணி நேரம். விற்கும்போது கூடுதலாகப் போட்ட இரண்டு லட்சத்தில் பாதி கரைந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 670 வெள்ளி, தலைக்குக் கிட்டத்தட்ட 170. பெட்ரோல், காப்புறுதி, பராமரிப்பு இதில் சேரவில்லை. இதே படகை ஆண்டுக்கு 100 மணி நேரம் ஓட்டினால் தலைக்கு மணிக்கு 50 வெள்ளிதான். அது நியாயமான கேளிக்கைச் செலவு.

ஏரிக்குப் பொருந்துமா?

கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. பெரிய அலைக்குப் பெரிய தண்ணீர் வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, வேக்சர்ஃபிங் படகுகள் கரையிலிருந்தும் படகுத்துறைகளிலிருந்தும் குறைந்தது 500 அடி தள்ளி ஓடவேண்டும் என்று பரிந்துரைத்தது. வெர்மான்ட் மாநிலம் 2024-இல் அதையே விதியாக்கியது. அங்கே 500 அடி தூரத்தோடு 20 அடி ஆழமும், தொடர்ச்சியாக 50 ஏக்கர் நீர்ப்பரப்பும் இருக்கவேண்டும். காரணம், கனமான அலை கரையை அரிக்கும், கட்டியிருக்கும் சிறு படகுகளை மோதவைக்கும், அடிச்சேற்றைக் கிளறும்.

இதை நம் பேராக்கில் பொருத்திப் பாருங்கள். நாங்கள் அதிகம் போவது 1930-இல் இயங்கத் தொடங்கிய செண்டெரோ அணையின் ஏரிக்கு. பேராக் ஆற்றைத் தேக்கி உண்டானது. பல இடங்களில் ஆறுபோலவே ஒடுங்கி வளைந்து கிடக்கும். கரையில் மலாய்க் கம்பங்கள், தண்ணீரில் வலை போட்டிருக்கும் சிறு தோணிகள். இரு கரைக்கும் 500 அடி விட்டால் ஓட்டுவதற்கு மிஞ்சும் இடம் குறைவு. ஈப்போவைச் சுற்றியுள்ள ஈயக்குட்டைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிரிக்குக்கு அப்பால் தெமெங்கோர் ஏரி கடல்போல் விரிந்தது. ஆனால் காட்டை மூழ்கடித்து உண்டான ஏரி அது. தண்ணீருக்கடியில் பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிய படகு ட்ரெய்லரோடு சேர்ந்து மூன்று டன்னைத் தாண்டும். அதை இழுக்க வேறு வண்டி வேண்டும். அதற்கு வேறு தவணை.

நாங்கள் செய்தது

வியாழக்கிழமை இரவு நால்வரும் தே தாரிக் கடையில் உட்கார்ந்தோம். முடிவு எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. படகை மாற்றவில்லை.

அதற்குப் பதில் வேறு வேலை செய்தோம். தண்ணீர் நிரப்பும் பைகள் இரண்டு வாங்கி, சறுக்கும் பக்கத்தில் பின்மூலையில் வைத்தோம். படகில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டைப் பார்த்துத்தான் நிரப்பினோம். அதில் எழுதியிருக்கும் வரம்புக்குள் ஆட்களும் பொருள்களும் தண்ணீரும் அடக்கம். 300 கிலோ பை என்பது நான்கு பெரியவர்கள் ஏறியதற்குச் சமம். அவ்வளவு பேர் குறைய வேண்டும். பிறகு, உறிஞ்சுகிண்ணங்களால் படகின் பக்கவாட்டில் ஒட்டும் அலைத்தகடு ஒன்று. புதிய படகின் தகடு செய்யும் வேலையில் பெரும்பகுதியை இது செய்கிறது. பக்கம் மாற்ற வேண்டுமானால் கையால் கழற்றி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். மொத்தச் செலவு ஆளுக்கு ஆயிரம் வெள்ளியைத் தொடவில்லை. மெக்கானிக் நண்பன் முதன்முறையாகக் கயிற்றை விட்டுவிட்டு இருபது நொடி நின்றான். அவன் போட்ட கூச்சல் லெங்கோங் வரை கேட்டிருக்கும்.

ஓட்டிய நேரம் ஏன் இவ்வளவு குறைவு என்றும் அன்று பேசினோம். என் மனைவி சொன்ன காரணம்தான் சரி. “நீங்க நாலு பேரும் போறீங்க. எங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் நீச்சல் தெரியாது. நாங்க எப்படிங்க வர்றது?” தோட்டத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் ஈயக்குட்டைப் பக்கம் போனாலே அடி விழும். தண்ணீர் என்றால் பயம் என்றுதான் கற்றோம். இப்போது எங்கள் பிள்ளைகள் ஆறு பேர் சனிக்கிழமை காலைகளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறார்கள். அளவெடுத்து உயிர்காப்பு அங்கிகளும் வாங்கியாயிற்று. நீச்சல் தெரிந்தாலும் அங்கி கட்டாயம்.

ஓர் உடன்பாடும் உண்டு. அடுத்த ஓராண்டில் மணிமானி 80 மணி நேரம் கூடுதலாகக் காட்டினால், படகை மாற்றும் பேச்சை நானே எடுப்பேன்.

நேயர்களே என்று சொல்லிப் பழகிய வாய், இன்று வாசகர்களே என்கிறேன். நீங்கள் யோசிப்பது படகாக இருக்காது. காராக, பெரிய மோட்டாராக, புதிய கைப்பேசியாக இருக்கலாம். ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கு 2024 மே மாதம் வந்ததிலிருந்து, நினைத்தபோது எடுக்கக்கூடிய பணம் நம்மில் பலரிடம் கொஞ்சம் இருக்கிறது. அதில் கை வைக்கும் முன், இப்போதிருக்கும் பொருளை எத்தனை நாள் உண்மையில் தொட்டோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

போன ஞாயிறு அப்பாவையும் ஏரிக்கு அழைத்துப் போனோம். மூன்று மாடி இறங்க அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அடுத்த வாரம் இரண்டு தரை வீடுகளைப் பார்க்கப் போகிறோம்.