எஞ்சினுக்கு முன் பின்பலகை

செம்பூரை அடுத்த டிராம்பே கோலிவாடா போன்ற மீனவக் குடியிருப்புகளிலிருந்து புதிய எஞ்சினுக்குக் கடன் கேட்டு வருவோரிடம், படகின் பின்பலகை எவ்வாறு உள்ளது என்பதையே நாம் முதலில் கேட்க விரும்புகிறோம்.

கண்ணாடியிழை மக்காது என்பது உண்மையே. ஆயினும் பழைய ஃபைபர் படகுகள் பலவற்றின் பின்பலகைக்குள் பிளைவுட் உள்ளது. எஞ்சினின் பாரத்தையும் உந்துவிசையையும் தாங்குவது அதுவே. போல்ட்டுத் துளை வழியே நீர் கசிந்தால், வெளியே பளபளப்பு குறையாமலேயே உள்மரம் மக்கிவிடும். நடுக்கடலில் அது பெயர்ந்தால் இழப்பு எஞ்சினோடு நிற்காது.

சிறு சுத்தியலால் தட்டுக. கணீரென்று ஒலித்தால் நன்று. மொத்தென்று ஒலித்தால் சிறு துளையிட்டுப் பார்க்க வேண்டும். ஈரமான கரும்பழுப்புத் துகள் வந்தால் மேற்பூச்சு வீண்செலவு, ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதற்கு ஒப்பு. உள்தோலை வெட்டி நீக்கி, நல்ல மரம் தென்படும் வரை மக்கியதைச் சுரண்டி, முற்றிலும் உலர்த்திய பின்னரே ஐ.எஸ். 710 தர மரைன் பிளைவுட்டை ரெசினால் பதித்து, கண்ணாடியிழைப் பாய்களால் மூட வேண்டும். ஈரமரத்தில் ரெசின் பிடிக்காது.

ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் எனப் பலர் ஒத்திப்போடுகின்றனர். மும்பை மழையில் மரம் எங்கே உலரும்? சில நாள் மீன்வரவை இழந்தாலும், மே மாத வெயிலிலேயே பலகையைத் திறந்துவிடுவது நலம்.