ரசீது வரவில்லையா? பிரிண்டரைத் தூக்கி எறியாதீர்கள்!

பாடாங் மேஹா, பாடாங் செராய், கூலிம் வட்டாரக் கடைகளில் கணினி பழுது பார்ப்பது என் வேலை. நான் பார்க்கும் ரசீது பிரிண்டர்களில் பல, 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது வாங்கியவை. 2018 ஜூனில் அந்த வரி பூஜ்யமானது. பிரிண்டர்கள் மட்டும் இன்னும் உழைக்கின்றன.

மாறியது வேறொன்று. முன்பு விற்பனை மென்பொருள் கல்லாக் கணினியிலேயே இருந்தது. இப்போது சில கடைகளில் அது வேறு ஊரில் உள்ள சர்வரில் ஓடுகிறது. கல்லாவில் இருப்பவர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதன் திரையைப் பார்க்கிறார். கணக்கு அங்கே, காகிதம் இங்கே. சிக்கல் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஒரு மளிகைக் கடையில் சம்பள நாள் மாலை ரசீது நின்றுவிட்டது. மாதக் கணக்கில் பொருள் வாங்குவோர் சீட்டு இல்லாமல் நகரமாட்டார்கள். "தம்பி, புதுசு வாங்கச் சொல்றாங்க. வாங்கிடவா?" என்றார் கடைக்கார அக்கா. சில நூறு ரிங்கிட் விஷயம். "கொஞ்சம் பொறுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பிரிண்டரை அணைத்தேன். காகிதம் தள்ளும் பொத்தானை அழுத்தியபடியே மீண்டும் போட்டேன். பெரும்பாலான மாடல்களில் இப்படிச் செய்தால் சோதனைச் சீட்டு வரும். வந்தது. பிரிண்டர் நலம்! (வெற்றுச் சீட்டு வந்தால் காகிதச் சுருளை நகத்தால் கீறுங்கள். கறுக்கும் பக்கம்தான் அச்சாகும் பக்கம்.)

அடுத்து, ரிமோட் டெஸ்க்டாப்பைச் சிறிதாக்கிவிட்டு, கல்லாக் கணினியிலிருந்தே ஒரு சோதனைப் பக்கம் அனுப்பினேன். அதுவும் வந்தது. ஆக, கேபிளும் டிரைவரும் சரி. மிச்சம் சர்வர்.

சர்வருக்குள் நுழையும்போது நம் பிரிண்டர் அங்கே வேறு பெயரில் தோன்றும். பெயருக்குப் பின்னால் 'ரிடைரெக்டட் 3' என்பதுபோல் ஓர் எண் ஒட்டியிருக்கும். அது நம் இணைப்பின் எண். வெளியேறி மறுபடி நுழைந்தால் மாறலாம். அக்காவின் மென்பொருள் 3ஐ நினைவில் வைத்திருந்தது. முந்தைய இரவு சர்வர் மறுதொடக்கம் ஆகி, அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது 5. இல்லாத பிரிண்டருக்கு ரசீது போய்க்கொண்டிருந்தது. மென்பொருளில் குறிப்பிட்ட பெயருக்குப் பதிலாக 'டிஃபால்ட் பிரிண்டர்' என்று மாற்றினேன். அவ்வளவுதான், செலவில்லை.

இதைவிடக் குழப்பமானது, ரசீது வந்தும் பணப்பெட்டி திறக்காத நிலை. பெட்டியின் கம்பி கணினியில் இல்லை, பிரிண்டரில் செருகப்பட்டிருக்கும். எப்சன் உருவாக்கிய இஎஸ்சி/பிஓஎஸ் கட்டளை மொழியில், 27, 112 என்று தொடங்கும் எண்கள் வந்தால் பிரிண்டர் பெட்டிக்கு ஒரு மின்துடிப்பு அனுப்பும். காகிதம் வெட்டவும் இப்படியே தனிக் கட்டளை உண்டு. ஆனால் விண்டோஸ் சர்வர் 2008 முதல் உள்ள 'ஈஸி பிரிண்ட்' வசதி, எதையும் ஒரு பக்கமாகவே வரைந்து அனுப்பப் பார்க்கும். ஏ4 கடிதத்துக்கு அருமை. பெட்டியைத் திறக்கும் எண்களோ வழியில் தொலைந்துபோகும், அல்லது புரியாத எழுத்துகளாக அச்சாகும். சர்வர் கொள்கை அமைப்பில் ஈஸி பிரிண்ட்டுக்கு முதலிடம் தருவதை நிறுத்திவிட்டு, இரு பக்கமும் ஒரே டிரைவரைப் போட வேண்டும். பழைய மாடலுக்குப் புதிய டிரைவர் கிடைக்காவிட்டால், விண்டோஸோடு வரும் 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' போதும். அது எண்களைக் கை வைக்காமல் கடத்தும்.

பொருள் பெயர்கள் தமிழில் இருந்தால் இந்த வழி உதவாது. பழைய பிரிண்டரின் நினைவகத்தில் தமிழ் எழுத்துரு இல்லை. படமாக மாற்றி அனுப்பினால்தான் தமிழ் வரும்.

பொலிடெக்னிக் மாணவர்கள் சிலர் எடுத்தவுடன் சர்வரில் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தித் தொடங்குவார்கள். அதே சர்வரில் இன்னும் நான்கு கடைகள் வேலை செய்துகொண்டிருக்கலாம். அவர்களின் ரசீதும் அந்த நிமிடமே தடைப்படும். முதலில் கல்லாக் கணினியின் ஸ்பூலர். சர்வருடையதைத் தொடுவதென்றால், எல்லாக் கடைகளும் அடைத்த பிறகு.